வியாழக்கிழமை டாக்டரம்மா

அக்டோபர் 9, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். தட்டாஞ்சாவடி ரோட்டில் கணுக்கால் தண்ணீர். இடது இடுப்பு நேற்றே சொல்லிவிட்டது.

இன்று முதல் நாள். முன்னாள் ராணுவத்தினர் கிளினிக்கில் பெண் டாக்டர். வியாழன்தோறும், பத்திலிருந்து ஒன்று வரை. எங்களுக்காக. அதாவது ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்களுக்காக. இந்தக் கிளினிக்குக்கு வருகிறவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். நான். மேஜர் தெரேஸ் (இனி மே.). மனு எழுதியது நான், திருத்தியது மே., அலைந்தது இருவரும். ஒரு வருடம் போயிற்று.

மே. ராணுவ ஆஸ்பத்திரிகளில் இருபது வருடம் நர்ஸ். லே, பதான்கோட், ஜோர்ஹாட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெல்லித்தோப்பில் தனியாக. நான் சிக்னல்ஸில், அதாவது ராணுவத் தகவல் தொடர்பில், ஐந்து வருடம், கேப்டன். பயிற்சியில் விழுந்த இடுப்போடு வெளியே வந்து இப்போது காலாப்பட்டில் எம்.ஏ. வகுப்பில் எல்லோரும் அக்கா என்கிறார்கள்.

மே. விஷயம். மாதவிலக்கு நின்று பல வருடமான பிறகு மறுபடி ரத்தம். ஆவணியிலிருந்து. என்னிடம் மட்டும் சொன்னார், வார்டு ரவுண்டில் ரிப்போர்ட் கொடுப்பது போல நேராக நின்று. "இது என்னவா இருக்கலாம்னு எனக்குத் தெரியும். வேற என்னவாவும் இருக்கலாம்னும் தெரியும். யாராவது பாத்தாத்தான் சொல்ல முடியும்."

பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது. இதற்குத்தான் இந்த வருடம் முழுக்க.

போன வாரம் வரை ஒரே டாக்டர். ஆண். நல்ல மனிதர். அவர் அறைக்குக் கதவு கிடையாது, பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நீள பெஞ்சு. பெஞ்சில் ஓய்வுபெற்ற ஜவான்கள், சுபேதார்கள். யாருக்கு மூலம், யாருக்கு மூத்திரம் நிற்கவில்லை, எல்லாம் பெஞ்சுக்குத் தெரியும். பக்கத்துப் பட்டறை லேத் இரைச்சலை மீறிச் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மே. ஏதோ ஓர் ஊரில் ஊசி போட்டிருக்கிறார். "சிஸ்டர் மேடம்" என்று எழுந்து நிற்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் போய் அவர் எதைச் சொல்வார்.

பெண் டாக்டருக்குப் பின்னறை. மருந்துப் பெட்டிகளை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். கதவு உண்டு. தாழ்ப்பாள் உண்டு. போட்டுப் பார்த்தேன். விழுகிறது.

மே. எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் டோக்கன் வாங்கியிருந்தார். வெள்ளைப் புடவை, பச்சைக் கரை, மடிப்புக் கலையவில்லை. பத்து மணிக்குள் பெண்கள் வந்து குவிந்தார்கள். ஜவான்களின் மனைவிகள். லேடி டாக்டர் என்ற செய்தி பாகூர், வில்லியனூர், விழுப்புரம் வரை போயிருக்கிறது. போகத்தானே செய்யும். அவர்களும் வருடக்கணக்கில் திரைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தவர்கள்.

விழுப்புரம் பக்கத்து ஹவில்தார் மனைவி ஒருத்தி: "பன்னெண்டு மணி பஸ்ஸ வுட்டா சாயங்காலம்தாம்மா. மாடு கட்டுத்தறியில கத்திக்கினு கெடக்கும்."

மே. தன் டோக்கனை அவள் கையில் வைத்தார். "நீ போம்மா. எனக்கு இங்கதான் வீடு."

அப்புறம் ஒரு கைக்குழந்தைக்காரி. அப்புறம் இன்னொருத்தி.

ஒரு மணிக்கு டாக்டர் ஸ்கூட்டியில் போய்விட்டாள். சின்ன முகம். களைப்பு.

மே.: "அடுத்த வியாழன்."

குடையைக் கிளினிக்கிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். காலாப்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே. வகுப்பில் 'உடல்' என்ற கருத்தாக்கம் குறித்து முழுக் காலையும். நல்ல உரை. குறிப்பு எடுத்தேன். யாருடைய உடல் என்று யாரும் கேட்கவில்லை. நானும்.

மாலை பெரிய மார்க்கெட்டில் அம்மாவின் மீன் கடை. இரண்டு சங்கரா மீன் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"உன் மேஜரம்மாவுக்குக் குடு. மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது. ஒழுங்கா துன்றாங்களா இல்லயா?"

பக்கத்துக் கடைக்காரி: "பிரான்சு பென்ஷன் வாங்குற மதாமுக்கு இன்னாடி கொறச்சல்? அவங்கப்பாரு சொல்தா ஆச்சே."

மே.வின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். இந்த ஊரில் சொல்தா. மகளும் ஒரு ராணுவத்தில் இருந்தாள் என்பது நெல்லித்தோப்பில் யார் மண்டையிலும் ஏறவில்லை. அப்பா பென்ஷனில் உட்கார்ந்து சாப்பிடும் கன்னி கழியாத மதாம்.

அம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவுங்களே சொல்தாதாண்டி. இதோ நிக்குதே, இதுவும் ஒரு சொல்தாதான். இன்னாத்துக்கு ஆச்சு? மீன் வாங்க வந்து நிக்குது."

சிரித்தார்கள். நானும்தான்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக்கு முந்தின வாரம். கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். தப்பு. தீபாவளிக்குத் துணி எடுக்க டவுனுக்கு வந்தவர்கள் அப்படியே கிளினிக்குக்கும்.

டோக்கன் கொடுக்கும் மணி அண்ணன், முன்னாள் நாயக், குரல் பட்டாளக் குரல்: "லேடீஸ் லைன்ல வாங்க! சேலைக் கடைன்னு நெனச்சீங்களா!"

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா. ரெண்டு எடத்துலயும் நமக்கு வேணுங்கறது இல்லன்னுதான் சொல்றீங்க" என்றாள் ஒருத்தி.

இன்று நானும் டோக்கன் வாங்கினேன். திட்டம்: எனக்கு அடுத்து மே. நான் உள்ளே போய் இடுப்பைக் காட்டுவது, கதவைத் திறந்து வைத்து அவரை இழுத்துக்கொள்வது.

என் முறை வந்தது. பக்கத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் எழுந்து அவளுக்கு வழிவிட்டேன். யோசிக்கவே இல்லை. கால்தான் எழுந்தது.

திரும்பிப் பார்த்தால் மே.வும் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். சுவரோரம் இரண்டு அதிகாரிகள், அட்டென்ஷனுக்குப் பக்கத்தில்.

பயிற்சியின் முதல் மாதத்தில் கற்றது. மலை முகாமில் சாப்பாட்டு வரிசை. கடைசி ஜவான் தட்டை நிரப்பிய பிறகுதான் அதிகாரி. அடியில் ஒட்டியதுதான் கிடைக்கும். அதைப் பெருமையோடு சாப்பிட்டோம். ஜவானுக்கு முன், ஜவான் வீட்டுப் பெண்ணுக்கு முன், எதுவும் எடுக்கக்கூடாது. வெளியே வரும்போது சீருடையைக் கொடுத்தோம். அடையாள அட்டையைக் கொடுத்தோம். இதை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதை வாங்கிக்கொள்ள எந்த கவுன்ட்டரும் இல்லை.

ஆட்டோவில்:

"மேம், நீங்க பேஷண்ட்."

"ஆமா. அவளும் பேஷண்ட். அவ புருஷன் சிப்பாய், நான் மேஜர். அவளத் தள்ளிட்டு நான் போய்ப் படுக்கவா?"

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க."

"அது பேப்பர்ல."

ஆட்டோ சீட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முன்பு இல்லாத பழக்கம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய், சீயக்காய். அம்மா என் தலையைத் தேய்த்தபடி யாரோ கடலூர்ப் பையனைப் பற்றி. "மிலிட்டரில இருந்த பொண்ணுன்னா பயப்படுறானுங்கடி. நீ அடிச்சிடுவன்னு நெனைக்கிறானுங்களா?" அடித்துவிடுவேன் என்றேன்.

மே.வுக்கு போன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜாஸ்தி."

பின்னணியில் யாரோ சரவெடி. அது முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

அக்டோபர் 23, வியாழன்

புயல் சின்னம். விடாத மழை. டாக்டர் வரவில்லை. மணி அண்ணன் போனில்: "யாரும் வராதீங்கம்மா. கிளினிக் உள்ளயே மீன் புடிக்கலாம்."

படித்தேன். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்ப.

அக்டோபர் 25, சனி

நெல்லித்தோப்பு. மே. வீட்டில் எல்லாம் நேர்கோட்டில். செருப்பு, டம்ளர், மாத்திரை. கட்டில் விரிப்பின் மூலைகள் ஆஸ்பத்திரி மடிப்பு. அம்மா இன்றும் கொடுத்தனுப்பிய சங்கரா மீனைக் குழம்பு வைத்து எனக்கே போட்டார். அவர் இரண்டு வாய்.

வேறு இடத்துக்குப் போகலாம் என்றேன். டவுனில் எத்தனை ஆஸ்பத்திரி. எவ்வளவு பெண் டாக்டர்கள். நான் கூட வருகிறேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பதான்கோட்ல ஒரு ராத்திரி, லாரி கவுந்து இருபது பசங்கள ஒரே நேரத்துல தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு அன்னைக்கு நூத்தி மூணு ஜுரம். யாரும் கேக்கல. நானும் சொல்லல. அவங்கள நான் பாத்தேன். இப்ப என்னைப் பட்டாளம் பாக்கணும். தெருவுல போற டாக்டர் இல்ல. அவங்க."

"அவங்க பாக்கலன்னா?"

"பாப்பாங்க. நீதான கதவு வாங்கிக் குடுத்த."

"அந்த லேடி டாக்டர்கிட்ட நான் சொல்லிடவா? நீங்க வாயத் தொறக்கவே வேணாம்."

"கூடாது. என் பேஷண்ட் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதில்ல. நீயும் பேசாத."

எனக்கு அவர்மேல் கோபம். எழுதிவைக்கிறேன், பின்னால் மறந்துவிடுவேன். பெருமை என்பது ஒரு நோய் என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது. அதே நோய் எனக்கு. எழுந்து தட்டைக் கழுவினேன்.

வாசல்வரை வந்தார். "மெர்சி" என்றார், எதற்கு நன்றி என்று தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மேகம். மழை இல்லை.

இன்று சரியாகச் செய்தேன். கிளினிக் திறக்கும் முன்பே போய் முதல் இரண்டு டோக்கன். இரண்டும் என் கையில். மே.வைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கைதியா நான்?"

"ஆமா மேம்."

சிரித்தார். உள்ளங்கை சில்லென்றிருந்தது.

பத்து மணி. டாக்டர் வந்தாள். கதவு திறந்தது. மணி அண்ணன், "மேஜர் மேடம், வாங்க" என்றார். எழுந்தார். வாசற்படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

பின்னால் தடால் என்று சத்தம்.

ஒரு பெண் தரையில். இருபது வயது இருக்கும். நிறைமாதம். கால் இரண்டும் தூண் போல் வீங்கி. புருஷன் காஷ்மீரில், மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, வெறும் தலவலின்னுதான சொன்னா."

மே. என் கையை உதறியது எனக்குத் தெரியவே இல்லை. மண்டியிட்டு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மாறிவிட்டது. நான் கேட்டிராத குரல். "இடது பக்கம் திருப்பு. தலைக்கு ஏதாவது. நீ, அந்தக் கதவப் புடி. டாக்டர், பிரஷர் கருவி. பொண்ணுக்கு வலிப்பு வரப் போகுது."

வந்தது.

இரண்டு பேரும் அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

மே. கடைசியில் அந்த அறைக்குள்ளே போய்விட்டார். நான் வெளியே, கையில் இரண்டு டோக்கன்.

ரொம்ப நேரம். ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டரும் அந்தப் பெண்ணோடு அதிலேயே ஏறினாள். ஏறும்போது மே.வைத் திரும்பிப் பார்த்து, "சிஸ்டர், நீங்க இல்லன்னா நான் இன்னைக்கு... தேங்க்ஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் போயிற்று. அன்றைய டாக்டர் அவ்வளவுதான்.

பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

மே. வெளியே வந்து குழாயில் கையை முழங்கை வரை கழுவினார்.

"உள்ள அவ்ளோ நேரம் இருந்தீங்களே மேம். தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நீங்களும் டாக்டரும். சொல்லலையா?"

கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாத மாதிரி.

"டூட்டில இருக்கும்போது எப்படிச் சொல்றது?"

அக்டோபர் 31, வெள்ளி

அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம். மணி அண்ணன் சொன்னார். மே.விடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார், உண்மையாகவே. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

கிளினிக் பொறுப்பாளர் கூப்பிட்டார். ரிட்டயர்ட் கர்னல். டீ, மேரி பிஸ்கட்.

வியாழக்கிழமை டாக்டர் இனி இல்லை.

"உங்களுக்காகன்னுதானே கேட்டு வாங்கினோம். பெண் எக்ஸ்-சர்வீஸ் ஒருத்தர்கூட ஒரு தடவைகூடப் பாத்துக்கலை. மேலே என்ன சொல்றது? தேவை இருக்குன்னு எப்படிக் காட்றது?"

"சார், நாங்க ரெண்டு பேரும் அங்கதான் இருந்தோம்."

"இருந்தீங்க. காட்டிக்கலையே."

"ஜவான்கள் ஃபேமிலி அத்தனை பேர் வந்தாங்களே. அவங்களுக்கு டாக்டர் வேண்டாமா?"

"வேணும்மா. ஆனா அது வேற மனு. வேற தலைப்பு. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

கேலி இல்லை. மனிதர் நிஜமாகச் சொன்னார். ஒரு வருடம் ஆகும் என்றும் நிஜமாகச் சொன்னார். டாக்டருக்கு வேறு ஊரில் வேலை போட்டாயிற்று. ஆம்புலன்ஸ் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. "மேஜர் தெரேஸ் பிரமாதம். அந்தக் கால ஆளுங்க."

வெளியே வந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. மருந்துப் பெட்டிகளை மறுபடி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இவரைக் குறை சொல்ல முடியவில்லை. யாரையும் முடியவில்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். நாங்கள் எல்லோரையும்விட ஒழுங்காக.

நவம்பர் 8, சனி

டாக்டர் இனி வரமாட்டாள் என்று மே.விடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். டம்ளர்களை நேர்கோட்டில் நகர்த்திக்கொண்டே, "மெலிஞ்ச பொண்ணு. சுறுசுறுப்பு. நல்லா வருவா" என்றார், டாக்டரைப் பற்றி.

நவம்பர் 11, செவ்வாய்

பீச் ரோடு. முதல் உலகப் போர் முடிந்த நாள், பிரெஞ்சுக்காரர்களின் போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம். மே. வருடாவருடம் அப்பாவுக்காகப் போவார். இன்று நிற்க முடியாது என்பதால் என்னைத் துணைக்கு. கடல் சாம்பல் நிறம். பதக்கம் குத்திய கிழ சொல்தாக்கள், கோட்டு நாப்தலின் வாசனை. அவர்கள் மனைவிகள், விதவைகள்.

மே. புடவையில் தன் மெடல்களைக் குத்தியிருந்தார். ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர் அதைப் பார்த்து, அனுதாபமாக, "யாரோடது மதாம், உங்க வீட்டுக்கார முசியேவோடதா? வாங்க, விதவைங்களுக்கு இந்தப் பக்கம் நாற்காலி."

நான் வாயைத் திறந்தேன். மே. என் கையை அழுத்தினார். போய் உட்கார்ந்தார்.

திரும்பும்போது கேட்டேன், ஏன்.

"நெழலா இருந்துச்சு. நாற்காலி இருந்துச்சு."

பிறகு, ஆட்டோவில் ஏறியதும், கண்ணை மூடிக்கொண்டு: "வியாழக்கிழம அந்தப் பழைய டாக்டர்கிட்டயே போயிடுவோம். திரைதான. லேத் ஓடிட்டிருக்கும். பசங்க சத்தம் போட்டுட்டிருப்பாங்க. மெதுவா சொல்லிட்டா யார் காதுல விழப்போவுது?"

நான் மேம், மேம் என்று இரண்டு தடவை சொன்னேன். இதை அவர் தனக்குத் தானே உத்தரவு போடுவதுபோலச் சொன்னார். நிறைவேற்றிவிடுவார்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். நல்ல வெயில்.

மே. ஒற்றை வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். ஆட்டோவில் உதடு அசைந்தது. "டாக்டர், எனக்குப் போஸ்ட் மெனோபாஸ் பிளீடிங், மூணு மாசமா, ரெஃபரல் வேணும்." அவ்வளவுதான். சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

பெஞ்சு நிறைந்திருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யார் மருமகளையோ பற்றிப் பெரிய குரலில். எல்லாம் சரியாக இருந்தது.

மே. உள்ளே நுழைந்ததும் பெஞ்சு மொத்தமும் எழுந்தது. அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக வருகிறார். வாசலுக்கு அருகில் இருந்த சுபேதார், நரைத்த மீசை, சல்யூட்டே அடித்துவிட்டார். "மேடம், நீங்க மொதல்ல. நாங்க எல்லாம் அப்புறம்."

"இல்ல, நான் வரிசையில—"

"அதெல்லாம் முடியாது மேடம். ஏய், தள்ளுங்கடா."

தள்ளினார்கள். முதல் தடவையாக யாரோ அவருக்கு வழிவிட்டார்கள். திரையை விலக்கிப் பிடித்தார்கள். உள்ளே போனார். திரை விழுந்தது.

மருமகள் கதை மறுபடி தொடங்கியது. சுபேதார் சீறினார்: "டேய், மேடம் உள்ள இருக்காங்க. மரியாத இல்ல? வாய மூடு." பட்டறைப் பக்க ஜன்னலை எழுந்து போய்ச் சாத்தினார். லேத் சத்தம் எங்கோ போய்விட்டது.

முப்பது பேர். கை கட்டி, பாதத்தைச் சேர்த்து, அசையாமல். மின்விசிறி சுற்றுவது கேட்டது. திரைக்குப் பின்னால் டாக்டர் பேனா மூடியைக் கழற்றுவது கேட்டது.

"சொல்லுங்க சிஸ்டர். என்ன பிரச்சினை?"

நான் எழுந்துவிட்டேன். இருமலாம். நாற்காலியைத் தள்ளிவிடலாம். எதையாவது உடைக்கலாம். என்னைப் பார்த்து சுபேதார் உட்காரும்படி மென்மையாகக் கை காட்டினார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் மே.வின் குரல். தெளிவாக. எல்லோருக்கும் கேட்டது.

"பிரஷர் பாத்துக்கலாம்னு வந்தேன் டாக்டர்."

ஆட்டோவில், அதே துண்டு. பெரிய மார்க்கெட் நெரிசலில் நின்றபோது சொன்னார்: "பிரஷர் நார்மல்." சிக்னல் தாண்டிய பிறகு: "நல்ல பசங்க. எல்லாரும் எழுந்து நின்னாங்க, பாத்தியா?"

பார்த்தேன் மேம் என்றேன்.

நெல்லித்தோப்பில் இறங்கும்போது துண்டை எடுத்து, சிவப்பு உள்ளே போகும்படி மடித்தார். நான்கு மூலையும் சேர. பைக்குள் வைத்தார்.